தெருவிளக்கை ஊராரிடம் கொடுத்த வைசிராய்

ரிப்பன் பிரபுவின் வாழ்க்கை வரலாறு

சென்னை சென்டிரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேர் என்று ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. நடுவில் உயரமான கோபுரம். கோபுரத்தில் பெரிய கடிகாரம்.

அதுதான் ரிப்பன் மாளிகை. சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகம்.

ரிப்பன் என்றதும் தலையில் கட்டும் நாடாதான் குழந்தைகளுக்கு நினைவு வரும். பெரியவர்களிலும் பலருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது.

ரிப்பன் ஓர் ஆங்கிலப் பிரபு. 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைசிராயாக இருந்தவர். வைசிராய் என்றால், இங்கிலாந்து ராணியின் பிரதிநிதியாக இருந்து இந்த நாட்டை ஆள்பவர்.

ஆள வந்த அவர், ஊர்க் காரியங்களை ஊராரே முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவரச் சொன்னார். அதைக் கேட்டு அவருடைய அதிகாரிகளே முகம் சுளித்தார்கள். பிறகு வேறொரு சட்டத்தால், அவருடைய இனத்தாரே அவரைத் தெருவில் நின்று கேலி செய்தார்கள்.

அவர் யார்? அந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

பிரதமர் வீட்டுப் பிள்ளை

லண்டனில் டவுனிங் தெரு என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அங்கே 10-ம் எண் வீடு இங்கிலாந்துப் பிரதமரின் வீடு.

1827-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜார்ஜ் பிரடெரிக் சாமுவேல் ராபின்சன் என்று பெயர் வைத்தார்கள். குழந்தையின் தந்தை கோடரிச் பிரபுதான் அப்போது பிரதமர்.

ஆனால் அந்தப் பதவி தந்தைக்கு ஒத்துவரவில்லை. மந்திரிகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். ஐந்து மாதம் முடிவதற்குள் அவர் பதவியை விட்டு விலகிவிட்டார். பிரதமராக ஒரு நாள்கூட அவர் பார்லிமெண்டைச் சந்தித்தது இல்லை!

அந்தத் தம்பதிகளுக்குப் பிறந்த மற்றக் குழந்தைகள் இறந்துவிட்டன. மிஞ்சியது ஜார்ஜ் ஒருவர்தான். ஆகவே கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரிக்கும் அவர் போகவில்லை.

கல்லூரிப் படியை மிதிக்காத இவர்தான் பின்னாளில் இங்கிலாந்தின் கல்வி இலாகாவுக்கே தலைவர் ஆனார்!

வெளிவராத புத்தகம்

ஜார்ஜ் பெரும் பணக்காரர். யார்க்ஷயர் பகுதியில் குடும்பத்துக்கு ஏராளமான நிலம். வேலை செய்யாமலே சுகமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அது இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலம். ஆலையில் உழைத்த லட்சக்கணக்கான மக்களுக்கு ஓட்டு கிடையாது. சொத்து உள்ளவர்களுக்கே ஓட்டு. உழைப்பவன் வரி கொடுக்கலாம். பட்டாளத்தில் சேர்ந்து உயிரைக் கொடுக்கலாம். நாட்டை யார் ஆள்வது என்று சொல்ல மட்டும் அவனுக்கு உரிமை இல்லை.

இது ஜார்ஜின் மனதை உறுத்தியது. தொழிலாளருக்காகப் பாடுபட்டு வந்த கிறிஸ்தவ சமதர்மக் குழுவில் அவர் சேர்ந்தார். 1852-ம் ஆண்டு எந்திரத் தொழிலாளர்களை முதலாளிகள் வெளியே தள்ளி ஆலைக் கதவைப் பூட்டினார்கள். அப்போது தொழிலாளருக்குப் பணம் கொடுத்து உதவிய பிரபு இவர்.

அதே ஆண்டில் அவர் ஒரு சிறு புத்தகம் எழுதினார். காலத்தின் கடமை என்பது அதன் தலைப்பு. தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் உரிமை எல்லா மனிதருக்கும் உண்டு; ஏழை என்பதற்காக அதை மறுப்பது நியாயம் அல்ல என்பது அதன் சாரம்.

புத்தகம் அச்சாகியும் விட்டது. அதைப் படித்த குழுவின் தலைவர் மாரிஸ் பாதிரியார் திடுக்கிட்டார். இவ்வளவு தூரம் போவது ஆபத்து என்று அவர் தடுத்துவிட்டார். புத்தகம் வெளியே வரவில்லை.

அப்போது ஜார்ஜுக்கு 24 வயது. இங்கிலாந்தில் அச்சுக் கூடத்தோடு நின்றுபோன அந்த எண்ணம், 30 ஆண்டு கழித்து இந்தியாவில் சர்க்கார் தீர்மானமாக வெளிவரும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்!

செல்லாத தேர்தல்

1852-ம் ஆண்டு ஹல் என்ற துறைமுகப் பட்டணத்தில் நின்று, அவர் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ரகசிய ஓட்டு கிடையாது. யாருக்கு ஓட்டு என்பதை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே ஓட்டை விலைக்கு வாங்குவது சுலபமாக இருந்தது. 1872-ல்தான் அங்கே ரகசிய ஓட்டு வந்தது.

ஹல் தேர்தலில் கட்சியின் ஆட்கள் பணம் கொடுத்தார்கள் என்று வழக்கு வந்தது. 1853-ல் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பணம் கொடுத்ததில் ஜார்ஜுக்குப் பங்கு இல்லை. ஆனாலும் பதவி போயிற்று.

அதே ஆண்டில் ஹட்டர்ஸ்பீல்டு என்ற ஆலை நகரம் அவரைத் தேர்ந்தெடுத்தது.

1859-ல் தந்தை இறந்தார். அதே ஆண்டில் பெரியப்பாவும் இறந்தார். இரண்டு பட்டங்களும் இவருக்கு வந்தன. அவற்றில் ஒன்றுதான் ரிப்பன் பிரபு என்ற பட்டம். யார்க்ஷயரில் உள்ள ஒரு சிறு நகரத்தின் பெயர் அது.

பிறகு அவர் யுத்த மந்திரியாக இருந்தார். 1866-ல் சில மாதம் இந்தியா மந்திரியாகவும் இருந்தார்.

பெண்களுக்கும் ஓட்டு

1868-ல் கிளாட்ஸ்டன் பிரதமர் ஆனார். ரிப்பன் பிரபுவிடம் கல்வி இலாகாவின் மேற்பொறுப்பு வந்தது.

1870-ல் புகழ்பெற்ற ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களில் பள்ளிக்கூடம் கட்ட அந்தச் சட்டம் வழி செய்தது. கட்டுவது யார்? நடத்துவது யார்? அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கூட போர்டு!

வரி கட்டும் பெண்களும் இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், போட்டியும் இடலாம். பார்லிமெண்டுத் தேர்தலில் ஓட்டுப் போட அங்கே பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விஷயத்தில் அதற்கு 48 ஆண்டு முன்பே உரிமை கிடைத்துவிட்டது.

ஊர் அளவில் ஒரு கதவு திறந்தால், நாட்டு அளவில் பெரிய கதவும் ஒரு நாள் திறக்கும். இந்தப் பாடத்தை ரிப்பன் அருகில் இருந்து பார்த்தார்.

1871-ல் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த பழைய தகராறு ஒன்றைப் பேசித் தீர்க்க, அவர் வாஷிங்டன் போனார். யுத்தம் இல்லாமல் வழக்கு முடிந்தது. அதற்காக மார்க்விஸ் என்ற உயர்ந்த பட்டம் கிடைத்தது.

வீட்டில் ஒரு துக்கம்

இதற்கிடையே 1870-ல் ஒரு துயரம் நேர்ந்தது. அவருடைய மனைவி ஹென்ரியட்டாவின் தம்பி, கிரீஸ் நாட்டில் சுற்றுப் பயணம் போனபோது கொள்ளையரிடம் சிக்கினார். அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அந்தச் சாவு ரிப்பனை உலுக்கியது. அவர் மனம் சமயத்தின் பக்கம் திரும்பியது. 1874-ல் அவர் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்.

இங்கிலாந்தில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டு மதத்தினர். அங்கே ஒரு பெரிய பிரபு கத்தோலிக்கர் ஆவது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி அல்ல. பத்திரிகைகள் அவரைத் தாக்கி எழுதின. அவருடைய அரசியல் வாழ்வு முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

வைசிராய் ஆனார்

1880-ல் கிளாட்ஸ்டன் மறுபடியும் பிரதமர் ஆனார். இந்தியாவில் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தார். அவருடைய காலத்தில்தான் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்த தாது வருஷத்துப் பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்ச நாளில்தான் டெல்லியில் ஆடம்பர தர்பாரும் நடந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட 1878-ல் சட்டம் போட்டவரும் அவரே. ஆப்கானிஸ்தானத்தில் ஒரு யுத்தத்தையும் தொடங்கி வைத்திருந்தார்.

லிட்டன் விலகினார். அவருடைய இடத்துக்கு ரிப்பனை அனுப்பினார் கிளாட்ஸ்டன். 1880-ம் ஆண்டு ஜூன் மாதம் ரிப்பன் பதவி ஏற்றார். வயது 52.

வந்தவர் வரிசையாக வேலையைத் தொடங்கினார். ஆப்கானிஸ்தானத்திலிருந்து படைகளைத் திருப்பி அழைத்தார். 1881-ல் முதலாவது தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 7 வயது ஆகாத குழந்தையைப் பெரிய ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது. 7 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. இன்றைக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் அதற்கு முன்பு அந்த வரம்புகூட இல்லை.

1882-ல் பத்திரிகைகளின் வாய்க்கட்டு அவிழ்ந்தது. உப்பு வரி குறைந்தது. பள்ளிக் கல்வியை ஆராய ஹண்டர் தலைமையில் ஒரு கமிஷன் அமைந்தது.

தமிழ்ச் சுதேசமித்திரன் பிறந்ததும் அந்த 1882-ம் ஆண்டில்தான்.

மே 18-ந் தேதி

அந்த நாளில் ஒரு சிற்றூரில் குளம் தூர்ந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். பாதை உடைந்துவிட்டது. யாரிடம் சொல்வது?

ஜில்லாவுக்கு ஒரு கலெக்டர். அவர் வெள்ளைக்காரர். ஜில்லாவோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக நாட்கணக்காகும். எந்தக் குளத்தில் எத்தனை அடி மண் சேர்ந்திருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சாலைக்கும் பள்ளிக்கும் என்று மக்களிடம் வரி வாங்கினார்கள். அதைச் செலவிடக் கமிட்டிகளும் இருந்தன. ஆனால் பெரும்பாலான இடங்களில் உறுப்பினர்களை நியமிப்பது சர்க்கார். கமிட்டிக்குத் தலைவர் கலெக்டர். கலெக்டர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, அவருடைய தயவால் உள்ளே வந்தவர் எதிர்த்துப் பேசுவாரா? தலையை ஆட்டுவார், வீட்டுக்குப் போவார்.

1882-ம் ஆண்டு மே 18-ந் தேதி, ரிப்பன் சர்க்கார் ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. இந்தியாவின் ஸ்தல சுயாட்சிக்கு அதுதான் அஸ்திவாரம். அதில் சொன்ன முக்கியமான யோசனைகள் இவை:

நகரங்களில் இருப்பது போல நாட்டுப்புறத்திலும் போர்டுகள் வேண்டும். அவை தாலுகா போன்ற சிறிய எல்லைக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் உறுப்பினருக்கு அந்த இடம் தெரியும்; அந்த இடத்தில் அக்கறையும் இருக்கும்.

போர்டில் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

முடிந்த இடத்தில் எல்லாம் உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் எடுக்க வேண்டும். எந்த விதமான தேர்தல் எந்த ஊருக்குப் பொருந்தும் என்று சோதித்துப் பார்க்கலாம்.

தலைவர் பதவியும், முடிந்த வரையில், உத்தியோகஸ்தர் அல்லாதவருக்குப் போக வேண்டும்.

சர்க்கார் மேற்பார்வை பார்க்கலாம். கடன் வாங்கவும் புது வரி போடவும் அனுமதி கேட்கச் சொல்லலாம். ஆனால் போர்டுக்கு உள்ளே உட்கார்ந்து அதிகாரம் செய்யக் கூடாது. வெளியே நின்றே கவனிக்க வேண்டும்.

நகரசபைகளின் தலையில் இருந்த போலீஸ் செலவை இறக்கி, அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் திருப்பலாம் என்றும் யோசனை கூறப்பட்டது.

வெளியே நின்று கவனிப்பது என்றால் என்ன? நம் ஊர்க் கிணற்றில் பிள்ளைக்கு நீச்சல் பழக்குவதைப் பாருங்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டுவார்கள். இடுப்பில் கயிறு கட்டுவார்கள். கரையில் ஒருவர் நிற்பார். ஆனால் கையையும் காலையும் பிள்ளைதான் அடிக்க வேண்டும். கரையில் நிற்பவரே இறங்கிப் பிள்ளைக்காக நீந்தினால், அது எந்தக் காலத்தில் நீச்சல் கற்கும்?

தவறு செய்யட்டும்

தீர்மானத்தைப் படித்த அதிகாரிகளில் பலர் சிரித்தார்கள். சிலர் எரிச்சல் அடைந்தார்கள். சாலைகள் பாழாகும், கணக்கு குழம்பும், ஜாதிச் சண்டையும் கட்சிச் சண்டையும் வரும் என்றார்கள். பம்பாய் சர்க்கார் ஆட்சேபம் எழுப்பியது. லண்டனிலும் தயக்கம் இருந்தது.

ரிப்பன் அளித்த விடைதான் அவரைப் பெரிய மனிதர் ஆக்கியது.

நிர்வாகம் உடனே சிறப்பாகிவிடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. முதலில் தவறுகள் நடக்கலாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தத் திட்டத்தின் முதல் நோக்கம் மக்களுக்கு அரசியல் பயிற்சி கொடுப்பது என்றார். தம் ஊர்க் காரியத்தைத் தாமே நடத்திப் பார்க்காதவர்களுக்கு வேறு எந்த வழியிலும் அந்தப் பயிற்சி வராது.

முன்பு இருந்த கமிட்டிகள் தோற்றுப் போனதைச் சிலர் எடுத்துக் காட்டினார்கள். அவை தோற்றதற்குக் காரணம், எல்லாவற்றையும் அதிகாரிகளே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ததுதான் என்று ரிப்பன் எடுத்துரைத்தார்.

இதில் ராஜதந்திரமும் இருந்தது. இந்தியாவில் படித்தவர்கள் ஆண்டுதோறும் பெருகி வந்தார்கள். அவர்களுக்குப் பொது வாழ்வில் இடம் கொடுக்காமல் ஒதுக்கினால், அவர்கள் ஆட்சிக்கு எதிரிகள் ஆவார்கள். இடம் கொடுத்தால் துணைவர்கள் ஆவார்கள். ரிப்பன் இப்படியும் கணக்குப் போட்டார். இந்தியாவுக்கு விடுதலை கொடுப்பது அவருடைய எண்ணம் அல்ல. ஆங்கில ஆட்சி நிலைக்க வேண்டும். அது நியாயமாகவும் நடக்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

நாற்காலி காலியாகவில்லை

தீர்மானத்தை நிறைவேற்றும் பொறுப்பு மாகாணங்களுக்குப் போயிற்று. சென்னை ராஜதானியில் 1884-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நகரசபைகளுக்கு. மற்றொன்று ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சில கிராமங்களைச் சேர்த்து அமைத்த யூனியன் ஆகியவற்றுக்கு.

நம் பாட்டன்மார் வாயில் அடிக்கடி வந்த ஜில்லா போர்டு ரோடு, ஜில்லா போர்டு பள்ளிக்கூடம் என்ற சொற்கள் இப்படிப் பிறந்தவைதான்.

ஆனால் ரிப்பன் கேட்டது முழுவதும் கிடைத்ததா? இல்லை!

ஜில்லா போர்டின் தலைமை நாற்காலியில் கலெக்டரே உட்கார்ந்தார். பல ஆண்டுகள் அவர் எழுந்திருக்கவில்லை. உறுப்பினர்களில் பலரைச் சர்க்கார்தான் நியமித்தது. ஓட்டு உரிமையும் வரி கட்டும் சிலருக்கு மட்டுமே. குடிசையில் இருந்த கூலிக்காரருக்கும், அடுப்படியில் இருந்த பெண்களுக்கும் அந்தத் தேர்தலில் இடம் இல்லை. தூர்ந்த குளத்தில் குடம் எடுத்துப் போனவர்கள் அவர்கள்தான். ஆனால் குளத்தைப் பற்றிப் பேச அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

சட்டம் எழுதுவது ஒருவர், அதை நடத்துவது இன்னொருவர் என்றால், எழுதியவரின் நல்ல எண்ணம் பாதி வழியில் நின்றுவிடும். ரிப்பன் திட்டத்துக்கு நேர்ந்த கதி இதுதான்.

புயல் வீசியது

அதற்குள் வேறொரு புயல் கிளம்பிவிட்டது.

கல்கத்தா போன்ற தலைநகரங்களில் இந்திய மாஜிஸ்திரேட்டுகள் வெள்ளைக்காரர் மீது வந்த குற்ற வழக்குகளை விசாரிக்கலாம். வெளி ஜில்லாக்களில் விசாரிக்க முடியாது. ஓர் இந்தியர் பதவி உயர்வு பெற்று வெளி ஜில்லாவுக்குப் போனால், அதிகாரம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிடும்! பிகாரிலால் குப்தா என்ற வங்காள அதிகாரி இந்த விசித்திரத்தைச் சர்க்காருக்கு எழுதிக் காட்டினார்.

இதைச் சரி செய்ய, சட்ட மெம்பர் இல்பர்ட் 1883-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்.

அவ்வளவுதான்! வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் வக்கீல்களும் கொதித்து எழுந்தார்கள். கல்கத்தா டவுன் ஹாலில் பெரிய கண்டனக் கூட்டம் நடந்தது. இந்திய நீதிபதி முன்னால் வெள்ளைக்காரன் கைகட்டி நிற்பதா என்று கூச்சல் போட்டார்கள். சங்கம் அமைத்தார்கள், நிதி திரட்டினார்கள். வைசிராயின் விருந்துகளுக்குப் போக மறுத்தார்கள். தெருவில் அவரைக் கண்டு ஊளையிட்டார்கள். அவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட ஒரு கூட்டம் சதி செய்ததாகவும் பின்னாளில் தெரியவந்தது!

ரிப்பன் ஓர் ஆண்டு தாக்குப் பிடித்தார். முடிவில் சமரசம் செய்துகொண்டார். 1884 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. ஆனால் வெள்ளைக்காரக் குற்றவாளி ஜூரி விசாரணை கேட்கலாம். ஜூரிகளில் பாதிப் பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்துவிட்டது. மசோதாவின் உயிர் போய்விட்டது.

இந்தியர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அவர்கள் ஒரு பாடம் கற்றார்கள். சங்கம் சேர்ந்து, கூட்டம் போட்டு, நிதி திரட்டிக் குரல் எழுப்பினால் சர்க்கார் அசையும் என்பதைக் கண்ணாரக் கண்டார்கள். 1884-ல் சென்னை மகாஜன சபை பிறந்தது. 1885-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பம்பாயில் 72 பேர் கூடிக் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கினார்கள்.

காணாத காட்சி

1884-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ரிப்பன் பதவியை விட்டுப் புறப்பட்டார். கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரை வழி நெடுக மக்கள் திரண்டார்கள். தோரணம் கட்டினார்கள். மாலை சூட்டினார்கள். உபசாரப் பத்திரங்கள் படித்தார்கள். அதுவரையில் எந்த வைசிராய்க்கும் மக்கள் தாமாகக் கூடி இப்படி ஒரு வழியனுப்பு விழா நடத்தியது இல்லை.

சென்னை மக்கள் ரிப்பன் என்ற பெயரோடு அப்பன் என்ற சொல்லை எதுகையாகச் சேர்த்து அவரைக் கொண்டாடினார்கள் என்பார்கள்.

அவர் கேட்டதில் பாதிதான் நடந்தது. மக்களும் அதை அறிவார்கள். ஆனாலும் தங்களை நம்பிய ஒருவர் என்று நன்றி செலுத்தினார்கள்.

பத்தாயிரம் கையெழுத்து

ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் பல முறை மந்திரியாக இருந்தார். 1892 முதல் 1895 வரை குடியேற்ற நாடுகளின் மந்திரி.

அப்போது தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் என்ற குடியேற்ற நாட்டில், இந்தியரின் ஓட்டு உரிமையைப் பறிக்க ஒரு மசோதா வந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன ஏராளமான தமிழர்கள் வாழ்ந்த இடம் அது. அங்கே இருந்த 24 வயது இந்திய வக்கீல் ஒருவர், 1894-ல் இரண்டே வாரத்தில் 10 ஆயிரம் கையெழுத்து வாங்கி ஒரு மனுவை லண்டனுக்கு அனுப்பினார்.

அந்த வக்கீல் காந்திஜி! மனு போனது ரிப்பன் பிரபுவுக்கு!

1895-ல் மந்திரி சபை மாறியது, ரிப்பன் விலகினார். அந்த மசோதாவுக்கு லண்டன் சம்மதம் கொடுக்கவில்லை. ஆனால் 1896-ல் நேட்டால் சர்க்கார் இந்தியர் என்ற பெயரைச் சொல்லாமலே அதே காரியத்தை வேறு சட்டத்தால் சாதித்துக்கொண்டது.

ஊருக்கு மேயர்

இந்தியாவையே ஆண்டவர், மந்திரியாக இருந்தவர், அடுத்து என்ன பதவி ஏற்றார் தெரியுமா? 1895-ல் ரிப்பன் என்ற தம் சின்ன ஊரின் மேயர் ஆனார்!

இரவு 9 மணிக்குச் சந்தைத் திடலில் கொம்பு ஊதும் பழைய வழக்கம் இன்றும் உள்ள ஊர் அது. அந்த ஊரின் தெருவையும் சாக்கடையையும் கவனிக்கும் சபையில், 68 வயதில் போய் உட்கார்ந்தார். இந்தியாவின் படித்த மக்களை எந்த வேலைக்கு வரச் சொன்னாரோ, அந்த வேலையைத் தமக்குக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை.

1909-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி, 81-வது வயதில் ரிப்பன் பிரபு காலமானார். சென்னை நகரசபையின் புதிய மாளிகை 1913-ல் திறக்கப்பட்டபோது, அதற்கு அவருடைய பெயரே விளங்கியது.

பள்ளியில் படித்தவர்கள்

மக்களுக்கு அரசியல் பள்ளிக்கூடம் என்று ரிப்பன் நினைத்த நகரசபைகளில் யார் யார் படித்தார்கள்?

சேலம் நகரசபைக்கு 1917-ல் தலைவர் ஆனார் ராஜாஜி. ஈரோடு நகரசபைக்குத் தலைவராக இருந்தார் பெரியார். அலகாபாத் நகரசபைக்கு 1923-ல் நேரு. ஆமதாபாத் நகரசபைக்கு 1924-ல் வல்லபாய் பட்டேல். சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் காமராஜர். 1941-ல் விடுதலையாகி வந்ததும் ராஜினாமா செய்தார்.

தண்ணீர்க் குழாயும் தெருவிளக்கும் இவர்களுக்குப் பாடப் புத்தகம். அங்கே நிர்வாகம் பழகியவர்கள் பின்னால் நாட்டையே நடத்தினார்கள். ஆங்கில ஆட்சிக்குத் துணைவர்கள் கிடைப்பார்கள் என்று ரிப்பன் போட்ட கணக்கு பொய்த்தது. மக்கள் கற்றுக் கொள்வார்கள் என்று அவர் வைத்த நம்பிக்கை பலித்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. 1992-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் அதிலேயே நிரந்தர இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 2016-ல் செய்த சட்டத் திருத்தம், உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 1884-ல் யாரும் கூப்பிடாத குடிசைவாசியும் பெண்ணும் இன்று தலைவர் நாற்காலியிலேயே உட்காரலாம்.

அது மட்டுமா? ஓட்டு உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையில் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம். எந்தக் குளத்தை முதலில் தூர் வார வேண்டும் என்று சொல்லலாம். அதற்கு யாருடைய தயவும் தேவை இல்லை.

ஆனால் ஒன்று. கிராம சபை கூடும் நாளில் ஊரார் வீட்டிலேயே இருந்துவிட்டால், நாலு பேர் உட்கார்ந்து எழுதியதே ஊரின் முடிவு ஆகிவிடும். ரிப்பன் காலத்தில் உள்ளே வர மக்களுக்கு அனுமதி இல்லை. இன்று கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போக வேண்டியவர்கள் மக்கள்தான்.